எஞ்சின் அறையின் வெள்ளை

ஒரு காரின் எஞ்சினை மாற்றுவது என்றால் பழையதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் தோன்றும். உண்மையில் எஞ்சினைத் தூக்கவும் இறக்கவும் ஆகும் நேரம் இரண்டு பகற்பொழுதுகளே. மீதி மாதங்களெல்லாம் எஞ்சின் இல்லாத அந்த வெற்றிடத்தோடு மல்லுக்கட்டுவதில் போகின்றன. 2024ஆம் ஆண்டு ஆடி மாதம் தொடங்கித் தை பிறக்கும்வரை, கோவை கணபதியில் என் அண்ணனின் லேத் பட்டறைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில், பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளை அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி கழித்தேன். கல்லூரியில் தமிழ் நடத்துகிற ஒருத்திக்கு அங்கே என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

என்னை அனுப்பியவர் என் நங்கை. எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் அழைப்போம். நங்கைக்கு ஒரு தம்பி இருந்தார். 1999இல் ஒரு மாலை, மோட்டார் சைக்கிளில் அவிநாசி சாலையில் போனவர் வீடு திரும்பவில்லை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அதற்கடுத்த ஆண்டு அண்ணனுக்கு மகன் பிறந்தபோது, மாமன் சாயல் அப்படியே இருக்கிறது என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வாழ்த்தாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை நங்கை ஒருநாளும் வாழ்த்தாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் பந்தயக் கார் ஓட்டுகிறான்.

"நீ சொன்னாக் கேப்பான் அம்மிணி. இருக்கற எஞ்சின் பத்தாதுன்னு பெருசா ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கான். அப்பனும் மகனும் ஒண்ணாச் சேந்துட்டாங்க. நீ ஒருக்கா போய்ப் பாரு" என்றார் நங்கை.

"பாத்துட்டுச் சொல்றனுங்க நங்கை" என்றேன். தடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, தடுக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கார் எனக்கும் அந்நியமானதல்ல. 1998இல் அண்ணன் வாங்கிய மாருதி ஜென். 2001இல் முதுகலை வகுப்பில் என்னைச் சேர்ப்பதற்கு அண்ணன் அழைத்துப் போனது அந்தக் காரில்தான். மருத்துவமனையிலிருந்து நங்கையும் பச்சைக் குழந்தையும் வீடு வந்ததும் அதில்தான். குடும்பத்துக்கு வேறு கார் வந்தபின் பல ஆண்டுகள் அது கொட்டகையில் தூசு படிந்து கிடந்தது. பிறகு மகன் அதன் பின்னிருக்கைகளைக் கழற்றி எறிந்தான், உள்ளே இரும்புக் குழாய்களால் ரோல் கேஜ் எனப்படும் கூண்டைப் பற்றவைத்தான், பந்தய இருக்கையும் ஐந்துமுனைப் பட்டையும் பொருத்தினான். சாலையில் ஓடும் தகுதியை அத்தோடு அந்தக் கார் இழந்தது. டிரெய்லரில் ஏறித்தான் எங்கேயும் போகும். இரண்டு ஆண்டுகள் அந்தப் பழைய எஞ்சினோடேயே, தனியாக ஓடிக் கடிகாரத்தோடு போட்டியிடும் கால ஓட்டங்களில் அவன் கலந்துகொண்டான். பரிசு எதுவும் வாங்கியதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நங்கை கேட்பதுண்டு. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்பது அண்ணனின் பதில். நூற்பாலை, வார்ப்படம், பம்பு என்று இரும்போடு புழங்கிய ஊர் இது. இந்த ஊர்க்காரரான எஸ்.கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்தார். மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட, குடும்பங்கள் கோயிலுக்குப் போய்வரப் பயன்பட்ட எஞ்சின் அது. வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்ய வசதியுள்ளவர்களின் விளையாட்டாக இருந்த பந்தயம், அதற்குப் பிறகுதான் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் அப்போதெல்லாம் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் வந்தது. கரிவர்தன் 1995இல் சிறுவிமான விபத்தில் இறந்தார். 2003இல் கோவை செட்டிபாளையத்தில் அமைந்த ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானபோது, இந்த ஊரின் பட்டறைகளில் அது உறவினர் வீட்டுச் செய்திபோலப் பேசப்பட்டது. ஐ.டி.ஐ. படிக்கும்போது சோழவரத்துக்கு ரயிலேறிப் போய்ப் பந்தயம் பார்த்தவர் அண்ணன். ஓட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லையாம். வண்டிகள் நின்றபின் அவற்றின் எஞ்சின் மூடியைத் திறப்பார்களே, அதைப் பார்ப்பதற்காகத்தான் காத்திருந்தாராம். இந்திய அமெச்சூர் பந்தயத்தின் வேரே ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொரு வண்டியில் வைத்ததில்தான் இருக்கிறது என்று அவர் சொல்லும்போது, தன் வீட்டுக் கொட்டகையில் நடப்பதற்கும் ஒரு மரபைத் தேடிக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஜெனுடைய பழைய எஞ்சின் 993 சி.சி., நான்கு சிலிண்டர், கார்புரேட்டர். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அதற்குப் பதிலாக வரவிருந்தது மாருதி எஸ்டீமின் 1298 சி.சி. எஞ்சின், பதினாறு வால்வு, பெட்ரோலை ஊசிமுனையால் பீய்ச்சும் வகை, 85 குதிரைத்திறன். எஸ்டீம் தயாரிப்பு 2007இலேயே நின்றுவிட்டது. ஆனால் இதே எஞ்சின் ஜிப்சியிலும் நெடுங்காலம் ஓடியதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் நான்கு வாரம் அலைந்து, கியர் பாக்ஸோடு சேர்த்து அதை வாங்கியிருந்தார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின்கள். பழையதில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 61 மில்லிமீட்டர், புதியதில் 75.5 மில்லிமீட்டர். விட்டமோ 72இலிருந்து 74 ஆகத்தான் கூடுகிறது. அதாவது கூடுதல் பலத்தில் பெரும்பங்கு அந்தப் பதினான்கரை மில்லிமீட்டரில் இருக்கிறது. என் விரலின் அகலம்கூட இல்லாத அந்தத் தூரத்துக்காகத்தான் ஒரு வீட்டில் இத்தனை மாதம் பேச்சு குறைந்திருந்தது.

நான் போன முதல் ஞாயிறன்று பழைய எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பியையும் குழாயையும் பிரிப்பதற்கு முன் அவன் ஒரு துண்டுத் தாளை ஒட்டி எண் எழுதினான், படம் எடுத்தான், பிறகு நோட்டுப் புத்தகத்தில் குறித்தான். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு எண்கள். ஓலைச்சுவடியைப் பிரிப்பவர்கள் ஏட்டின் வரிசை குலையாமலிருக்கக் காட்டும் பதற்றம் அதில் இருந்தது. செயின் பிளாக்கில் எஞ்சின் மெல்ல எழும்பியபோது மூவரும் பேசவில்லை. சங்கிலி பல்பல்லாக நகரும் ஓசை மட்டும் கேட்டது. எஞ்சின் வெளியே வந்தபின் உள்ளே எட்டிப் பார்த்தேன். கால் நூற்றாண்டுக்கால எண்ணெயும் சாலைப் புழுதியும் கலந்து இறுகிய கறுப்பு மட்டுமே தெரிந்தது.

அந்தக் கறுப்பைக் கரைப்பதற்கே மூன்று ஞாயிறுகள் ஆயின. மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும், எட்டாத மூலைகளுக்குப் பழைய பல்தூரிகைகளும். நானும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது எளிதாக இருந்தது. கறுப்பு போகப் போக அடியிலிருந்தவை ஒவ்வொன்றாக எழும்பின. தொழிற்சாலையில் அடித்த நீலம். 2004இல் யாரோ பின்னோக்கி வந்து மோதியதற்குப் பிறகு டிங்கரிங் பார்த்த இடத்தில் பூசிய செங்காவி. பேட்டரித் தட்டின் கீழே அமிலம் சொட்டி அரித்த, விரலால் அழுத்தினால் உதிர்கிற துரு. தகட்டுச்சுவரின் ஒரு மூலையில் வட்டமான மஞ்சள் கறை ஒன்று இருந்தது. அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் நங்கை வைத்த சந்தனம், எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்து ஓடுபோல ஒட்டியிருந்தது.

"இதையும் சுரண்டணுங்களா அத்தை?" என்றான்.

"அடியில் துரு இருந்தால்?" என்றேன்.

சுரண்டினான். அடியில் துரு இருக்கத்தான் செய்தது. சந்தனத்தின் ஈரம் தகட்டைத் தின்றிருந்தது. அதை நங்கையிடம் இருவருமே சொல்லவில்லை.

அந்த ஞாயிறுதான் வந்த காரியத்தை அவனிடம் சொன்னேன். "உங்கம்மா என்னை அனுப்பியிருக்கிறார் கண்ணு. நான் சொன்னால் நீ கேட்பாய் என்று."

"தெரியுங்கத்தை" என்றான், தூரிகையை நிறுத்தாமல். கொஞ்சம் கழித்து, "எனக்கு ரோட்ல ஓட்டறதுக்குத்தானுங்க பயம். அங்கதான் யாரும் எதையும் பாக்கறதில்லை. டிராக்ல விடறதுக்கு முன்னாடி வண்டியை ஒருத்தர் முழுசாப் பாத்துத்தான் விடுவாங்க. மாமனோட வண்டியை அன்னிக்கு ஒருத்தர் பாத்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டான். தான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன மாமனைப் பற்றி அவன் பேசி நான் கேட்டது அன்றுதான். இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த எண் செய்தித்தாளில் வந்தபோது நான் அதைக் கடந்துபோயிருக்கிறேன். அந்த வீட்டிலோ அது ஒரு மாலைப்பொழுதாகவும் ஒரு சாயலாகவும் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. அவன் சொன்னதை வாதமாக எடுத்துக்கொள்ளலாமா, தன் ஆசைக்கு அவன் கண்டுபிடித்த நியாயமாக எடுத்துக்கொள்ளலாமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இனி அவன் சொல்வதைவிட அவன் செய்வதைப் பார்ப்பது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த பிறகு துளைகளின் வேலை தொடங்கியது. எஞ்சினுக்கும் ஓட்டுநரின் கால்களுக்கும் நடுவே இருப்பது மெல்லிய தகட்டுச்சுவர் ஒன்றுதான். காரில் வானொலிக்கு, குளிர்சாதனத்துக்கு, வெப்பக் காற்றுக்கு என்று அதில் எத்தனையோ துளைகள் உண்டு. அந்தக் கருவிகளெல்லாம் கழற்றப்பட்ட பின்னும் துளைகள் எஞ்சியிருந்தன. எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் சுடரும் புகையும் உள்ளே வரும் வழிகள் அவை. ரப்பர் மூடி போட்டு விட்டுவிடலாம் என்றேன். ரப்பர் உருகும் என்றான். ஒவ்வொரு துளைக்கும் அளவெடுத்து வட்டத் தகடு வெட்டிப் பற்றவைத்தான். கம்பிகள் போகவேண்டிய இரண்டே வழிகளை மட்டும் விட்டான். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே அமர்ந்து, வெளியிலிருந்து என்னை டார்ச் அடிக்கச் சொன்னான். எங்கேனும் ஒளி கசிந்தால் அங்கே சுண்ணாம்புக்கட்டியால் குறித்தான். பதினோர் இடங்கள். அடுத்த ஞாயிறு அதே சோதனையில் ஓரிடமும் இல்லை.

இந்த நாட்களில் அண்ணன் தனியே ஒரு வேலையில் இருந்தார். புதிய எஞ்சினைத் தாங்கும் பிடிமானங்களில் இரண்டு அப்படியே பொருந்தின. மூன்றாவது பொருந்தவில்லை. அதைப் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. எஞ்சின் தன் முறுக்குவிசையால் எந்தப் பக்கம் சாயும், ரப்பர் புஷ் எவ்வளவு அமுங்கும், அமுங்கியபின் புகைக்குழாய் எதிலும் இடிக்காமலிருக்க எத்தனை இடைவெளி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தார், பிறகு மரத்தில், பிறகு மெல்லிய தகட்டில். லேத்தில் ஒரு நாளைக்கு இருநூறு புஷ் கடைந்து தள்ளுகிறவர் அந்த ஒரு பிடிமானத்துக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். "ஏனுங்ண்ணா, இத்தனை நாளா?" என்று கேட்டதற்கு, "மத்ததெல்லாம் யாரோ ஒருத்தன் ஓட்டப் போறான் அம்மிணி" என்றார்.

புறநானூற்றின் 87ஆம் பாடலை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். அதியமானைப் பற்றி ஔவையார் பகைவரை எச்சரிக்கும் பாட்டு. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுதும் முயன்று ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படியிருக்குமோ, அப்படிப்பட்டவன் எங்களிடம் இருக்கிறான் என்று சொல்லும். வீரனின் வலிமைக்கு உவமை என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தத் தச்சன் ஏன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான் என்று யாரும் கேட்பதில்லை, பாடலும் சொல்வதில்லை. யாரோ ஒருவன் ஏறப்போகும் எட்டுத் தேர்களுக்கும், தனக்கு வேண்டியவன் ஏறப்போகும் ஒன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த ஒரு மாதத்தில் இருந்திருக்கலாம். வலிமைக்கான உவமையாகவே இருக்கட்டும். அந்த வலிமைக்கு அடியில் யாரோ ஒருவரின் அச்சம் இருந்திருக்கும் என்று இப்போது வகுப்பில் சொல்லத் தோன்றுகிறது.

எஞ்சின் அறைக்கு என்ன நிறம் என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் சச்சரவு வந்தது. காரின் வெளிநிறமான நீலமே உள்ளேயும் இருக்கட்டும், பார்க்க அழகு என்றான் மகன். வெள்ளைதான் என்றார் அண்ணன். வெள்ளை சீக்கிரம் அழுக்காகுமே என்றதற்கு, "அழுக்காகத்தான் வெள்ளை" என்றார். கறுப்பிலும் நீலத்திலும் எண்ணெய் கசிந்தால் தெரியாது. வெள்ளையில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். எண்ணெயா, பிரேக் திரவமா, குளிர்விக்கும் நீரா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்த இடத்திலிருந்து ஒழுகியது என்ற தடமும் இருக்கும். அண்ணன் அதற்குமேல் விளக்கவில்லை. எமரி பேப்பரால் தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் பூசி, அதன்மேல் இரண்டு பூச்சு வெள்ளை அடித்தார்கள். அந்த மாலை கொட்டகையின் டியூப்லைட் வெளிச்சத்தில் கார் வாயைத் திறந்து நிற்பதுபோல இருந்தது. வேலை முடிந்தது என்று அன்றைக்கு எவராவது சொன்னால் நம்பியிருப்பேன். எஞ்சின் இன்னும் பெஞ்சின்மேல் பிரிந்து கிடந்தது.

அந்த எஞ்சினைச் சீர்செய்ததை நீட்டி எழுத இங்கே இடமில்லை. ரிங்குகள், பேரிங்குகள், வாட்டர் பம்பு, டைமிங் பெல்ட், காஸ்கெட்டுகள் எல்லாம் புதிது. ஹெட்டைச் சமன்படுத்தினார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனரால், குறித்த வரிசையில், மூன்று தவணையாக இறுக்கினார்கள். இன்னும் அதிகத் திறன் தரும் கேம் தண்டு ஒன்றை வாங்க மகன் பணம் சேர்த்து வைத்திருந்தான். அந்தப் பணம் பிரேக்குக்குப் போயிற்று. அவனே சொன்ன கணக்கு இது: வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால் கூடுவது இருபது சதவீதம்தான். ஆனால் நிற்பதற்கு பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நாற்பத்துநான்கு சதவீதம் கூடும். அந்த ஆற்றலெல்லாம் சூடாகத்தான் வெளியேறியாக வேண்டும். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரைக்கும் இறங்கிவிடும். திரவம் கொதித்தால் குமிழி உண்டாகும், மிதி பஞ்சுபோலத் தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே தட்டுகள், பேடுகள், குழாய்கள், திரவம் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பலத்தைக் கூட்டுவதற்கு முன் நிறுத்துவதைக் கூட்டவேண்டும் என்பதில் அந்த இருவருக்கும் சச்சரவே வரவில்லை. நங்கையிடம் போய்ச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் செய்தி அது. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் குழம்பைக் கிளறினார்.

ஆயுத பூசையன்று நங்கை கொட்டகைக்கு வந்தார். அந்த மாதங்களில் அவர் அங்கே வந்தது அந்த ஒருமுறைதான். பொரி, கடலை, சுண்டல், சந்தனக் கிண்ணம். லேத்துக்கும் வெல்டிங் மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, திறந்திருந்த காரின் அருகே வந்து நின்றார். எஞ்சின் அப்போது உள்ளே இறங்கிவிட்டிருந்தது. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒவ்வொரு குழாயும் தனித்தனியாகத் தெரிந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"பெட்ரோல் எதுல வருது?" என்று கேட்டார்.

மகன் காட்டினான். பழைய எஞ்சினில் பெட்ரோல் பம்பு எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கியது. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். புதியதற்கு மின்சாரப் பம்பு. அழுத்தமும் பழையதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அதனால்தான் பழைய ரப்பர் குழாய்களையெல்லாம் எறிந்துவிட்டு அழுத்தம் தாங்கும் குழாய்களைப் போட்டிருக்கிறோம் என்று விளக்கினான். நங்கை விடவில்லை.

"நீ உள்ள மயக்கமாக் கெடந்தீன்னா, இந்தப் பம்பை ஆரு அமத்துவாங்க?"

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு சிவப்பு வளையம். அதை இழுத்தால் பேட்டரியின் மின்சாரம் மொத்தமும் துண்டிக்கப்படும், பம்பும் எஞ்சினும் நின்றுவிடும். அதன் பக்கத்தில், வெள்ளைக் கரையிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்த வில்லை ஒட்டப்பட்டிருந்தது. பந்தய உலகம் முழுதும் அதுதான் அடையாளம் என்றான்.

"படம் தெரிஞ்சவனுக்குத்தான் அது படம்" என்றார் நங்கை. "ஓடி வாறவன் புல்லு வெட்ட வந்தவனா இருந்தா? தமிழ்ல எழுதி வைய்யி." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு அம்மிணி, என்னன்னு எழுதறது?" என்றார்.

இருபதாண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அவசரகால மின்துண்டிப்பு விசை என்று சொன்னேன். படித்து முடிப்பதற்குள் எரிந்துவிடும் என்று மகன் சிரித்தான். நங்கை சிரிக்கவில்லை. "இழு-ன்னு எழுதுங்க, போதும்" என்றார். வெள்ளை எழுத்தில், ஓர் அடி தொலைவுக்கு அப்பால் நின்றாலும் தெரியும் அளவில், 'இழு' என்று மகன் எழுதினான். மின்னல் படமும் பக்கத்திலேயே இருக்கிறது. நங்கை சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது தகட்டில் வைக்கப் போகிறாரோ என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த இரண்டெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வயரிங் முடிந்து எஞ்சின் முதன்முறை உயிர்பெற்றது கார்த்திகையில். நாலைந்து முறை சுழன்று அடங்கி, பிறகு பற்றிக்கொண்டு, கொட்டகைத் தகரங்கள் அதிர ஓடியது. மகனின் முகத்தில் மலர்ச்சி. அண்ணனோ ஓசையைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஐந்து வாரப் பிடிமானத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

2025 தை மாதத்தில் ஒருநாள் செட்டிபாளையம் ஓடுதளத்துக்குக் கட்டணம் கட்டி வண்டியைக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். நங்கை வரவில்லை. போட்டி எதுவும் இல்லை, சோதனை ஓட்டம்தான். முதல் மூன்று சுற்றுகளை மெல்ல ஓட்டினான். நான்காவதிலிருந்து ஓசை மாறியது. நேர்ப்பகுதியில் அவன் எங்களைக் கடக்கும்போதெல்லாம் என் வயிற்றில் ஏதோ இறுகியது. நங்கை இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுமப்பதில் ஒரு கைப்பிடி அளவு எனக்கும் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். எட்டாவது சுற்றில் அவன் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடுதளத்தின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார் மெல்ல, வலப்பக்க ஓரமாக ஒதுங்கியபடி வந்து உள்ளே திரும்பியது.

வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட ஒரு கோடு ஏறியிருந்ததாம். அவ்வளவுதான். அபாய எல்லைக்கு இன்னும் தூரம் இருந்தது. இன்னும் மூன்று சுற்று ஓட்டியிருக்கலாம், ஒன்றும் ஆகியிருக்காது என்று பக்கத்துக் கொட்டகையிலிருந்த ஒருவர் சொன்னார். மகன் பதில் சொல்லவில்லை. எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்தான். வெள்ளைச் சுவரில், மேல் ரேடியேட்டர் ஹோஸின் கிளிப்புக்குக் கீழே, குளிர்விக்கும் நீரின் பச்சை நிறத்தில் நூலிழைபோல ஒரு கோடு இறங்கியிருந்தது. நீளம் ஒரு சாண்கூட இல்லை. நீலத்தில் அது தெரிந்திருக்காது. அண்ணன் அதைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். நிறத்தைப் பற்றி இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. கிளிப்பை மாற்றி, நீர் நிரப்பி, அன்று மதியம் இன்னும் பன்னிரண்டு சுற்றுகள் ஓட்டினான். கோடு திரும்ப வரவில்லை.

வேகத்தின் எதிர்ச்சொல் அச்சம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஒருவருக்கு அச்சம் இருந்தால் அவர் வீட்டிலிருப்பார், இல்லையென்றால் ஓட்டுவார். அந்தக் கொட்டகையில் நான் கண்டது வேறு. அங்கே அடைக்கப்பட்ட ஒவ்வொரு துளையும், மாற்றப்பட்ட ஒவ்வொரு குழாயும், வெள்ளைப் பூச்சும், அந்த இரண்டெழுத்தும் யாரோ ஒருவருடைய அச்சத்திலிருந்து வந்தவை. அவற்றில் பாதி, அங்கே வராமலிருந்தவருடையவை. அச்சம் தன் வேலையைச் செய்துமுடித்த இடத்தில் மட்டுமே அந்த எஞ்சின் ஓட அனுமதிக்கப்பட்டது. இனி ஆபத்தில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆபத்து இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும்.

மாலை திரும்பும் வழியில் நங்கையை அழைத்தேன். எத்தனை வேகம் போனான் என்று அவர் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். முள் ஏறியதும், எட்டாவது சுற்றில் அவன் உள்ளே வந்ததும்.

"அவங்கப்பன் கையைக் காட்டிக் கூப்புட்டாரா?"

"இல்லீங்க நங்கை. யாரும் கூப்பிடலை."

"தானா வந்தானா?"

"தானாத்தான் வந்தானுங்க."

சற்றுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பாத்திரங்களை அடுக்கும் ஓசை மட்டும் கேட்டது.

"சரி, வாங்க. தோசை மாவு இருக்குது" என்றார்.